குருவுக்கு ஒரு கைப்பிடி அருகம்புல்

"பாங்காக்கா? அங்கே போய் யாருக்கு என்ன பாடம் சொல்லப் போகிறீர்கள்? இங்கே இருக்கிற பிள்ளைகளே நீங்கள் சொல்வது புரியவில்லை என்கிறார்கள்!"

என் சகதர்மிணி இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரமே, பாங்காக் நகரத்தில் ஒரு குளிர்சாதன அறையில், மூன்று பேர் வெகு மரியாதையாக அதையே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் கணக்கு உபாத்தியாயர். மாயவரம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தேய்த்தவன். அங்கே சம்பளம் என்பது கோடை மழை மாதிரி. வந்தால் வந்தது, வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மூத்த பெண் காலேஜில் சேருகிற வருஷம். தாய்லாந்தில் சில பள்ளிக்கூடங்களில் கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலீஷில் சொல்லித் தருகிறார்கள், அதற்கு வெளிதேசத்து ஆசிரியர்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு சிநேகிதர் சொன்னார். விண்ணப்பம் போட்டேன். கடிதம் வந்தது. சகதர்மிணியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆகாய விமான டிக்கட் வீட்டுக்கு வந்தது.

2024 ஜூன் மாதம் 7-ம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் பாங்காக்கில் இறங்கினேன். விமான நிலையத்தின் பெயரைப் படித்ததுமே பாதிப் பயம் போய்விட்டது. சுவர்ணபூமி! 2006-ல் திறந்த நிலையம் இது. தேவர்களும் அசுரர்களும் பாற்கடல் கடைகிற பிரம்மாண்டமான சிற்பம் ஒன்று உள்ளே இருக்கிறதாம். "எங்கே?" என்று ஆவலாகக் கேட்டேன். "அது ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் போகும் பக்கத்தில் இருக்கிறது. திரும்பிப் போகும்போது பார்க்கலாம்" என்றார் என்னை அழைத்துப் போக வந்திருந்த இளைஞர்.

பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "திங்கட்கிழமை உங்களுக்கு ஒரு மாதிரி வகுப்பு உண்டு. அதில் தேறினால்தான் பள்ளிக்கூடம்" என்றார்.

"கடிதத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே!"

"மைப்பென்ராய்" என்று அவர் சிரித்தார். 'அதனாலென்ன, பரவாயில்லை' என்று அர்த்தம். தாய்லாந்தில் மனிதர்களின் பாதிக் கவலையை இந்த ஒரு வார்த்தையே தீர்த்துவிடுகிறது. என் கவலையை மட்டும் தீர்க்கவில்லை. பாற்கடல் சிற்பத்தைச் சீக்கிரத்தில் பார்க்கும்படி நேரக்கூடாதே என்று மாயூரநாதரை வேண்டிக்கொண்டேன்.

யாயும் பேத்தியும்

நகரத்தின் பழைய பகுதியில் ஒரு கடைவீட்டின் மாடியில் எனக்கு அறை. கீழே வீட்டுக்கார அம்மாள் காலை வேளையில் பலகாரக் கடை போடுகிறாள். இரும்புச் சட்டி, அதில் குழி குழியாக இருக்கிறது, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து ஊற்றுகிறாள். அட, நம் குழிப்பணியாரம்! பெயர் 'கனோம் க்ரோக்'. நாம் பணியாரத்தைத் திருப்பிப் போடுகிறோம். அவர்கள் திருப்புவதில்லை. வெந்த பாதி இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து முழுசாக்கிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு, மேலே வெங்காயத் தாள். வாயில் போட்டால் கரைகிறது.

அந்த அம்மாளை எல்லோரும் 'யாய்' என்கிறார்கள். தாய் பாஷையில் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அப்படிப் பெயர். சங்கத் தமிழில் யாய் என்றால் தாய் அல்லவா? வெறும் ஒலிப் பொருத்தம்தானோ என்னவோ, எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கே நம் ஊரைப் போலவே யாரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', அத்தை வயதுக்காரி 'பா'. என்னை மட்டும் யாய் முதல் நாளே 'க்ரூ' என்று அழைத்துவிட்டாள். 'குரு' என்ற நம் சொல்தான் அங்கே க்ரூ. இன்னும் தேறாத ஆசாமியைக் குருவே என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பரீட்சை எழுதாமலே மார்க் வாங்கிய பையனைப்போல் விழித்தேன்.

யாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. பத்து வயதுப் பேத்தி ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவள்தான் எனக்கும் ஊருக்கும் நடுவே துபாஷி.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கடைக்காரப் பெண்கள் எல்லோரும் "சவாத்தி கா" என்று கைகூப்புகிறார்களே என்று நானும் போகிற இடமெல்லாம் "சவாத்தி கா" என்று கும்பிட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் அடக்கமாகச் சிரித்தார்கள். மாலையில் பேத்தி விளக்கினாள். 'கா' என்பது பெண்கள் சொல்கிற மரியாதை அசை. ஆண்கள் 'க்ரப்' என்று சொல்ல வேண்டுமாம். நான் நாள் முழுவதும் ஊருக்கெல்லாம் என்னை ஒரு ஸ்திரீயாக அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன்! மீசையோடு!

சவாத்தி என்பது 'ஸ்வஸ்தி'தான். பாஷை 'பாசா', வித்யாலயம் 'வித்தயாலை', ஆசாரியர் 'ஆசான்'. ஆசிரியர் கவுன்சிலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'குருசபா'! மாமிசம் சேர்க்காத உணவுக்கு 'மாங்சவிரத்' — மாம்ச விரதி. இந்த ஒரு சொல்தான் என் உயிரைக் காப்பாற்றியது. ஏனென்றால் அங்கே கீரைப் பொரியலில்கூட மீன் சாற்றை ஊற்றிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து, 'பூ, நம்ம பாஷைதான்!' என்று இறுமாந்துவிடக் கூடாது. தாய் பாஷைக்கு ஐந்து ராகம் உண்டு. 'காவ்' என்ற சொல்லை இறக்கிச் சொன்னால் செய்தி. உச்சியிலிருந்து சறுக்கினால் சோறு. கீழிருந்து ஏற்றினால் வெள்ளை. நான் சோறு கேட்டபோதெல்லாம் சர்வர் என்ன செய்தி வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஓர் அலுவலகத்தில் பாரம் பூர்த்தி செய்தேன். வருஷம் 2024 என்று எழுதினேன். குமாஸ்தா அதை அடித்து 2567 என்று போட்டார். அங்கே புத்தர் பெயரால் வருஷம் எண்ணுகிறார்கள். நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். ஒரு கணம் என் வயதைக் கூட்டிப் பார்த்துப் பயந்துபோனேன்.

ஊஞ்சலும் அநுமாரும்

சனிக்கிழமை ஊர் சுற்றப் புறப்பட்டேன். பாங்காக் என்பது நாம் சொல்கிற பெயர்தான். அந்த ஊர்க்காரர்கள் 'க்ருங் தேப்' — தேவர்களின் நகரம் — என்கிறார்கள். முதலாம் ராமா 1782-ல் இதைத் தலைநகராக்கினார். முழுப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் இந்திரன், விசுவகர்மா, அயோத்தி எல்லோரும் எல்லாமும் அதில் வருவார்கள். உலகத்திலேயே மிக நீண்ட ஊர்ப் பெயர் என்று அதற்குக் கியாதி.

என் அறையிலிருந்து நாலு அடி நடந்தால் நடுத்தெருவில் சிவப்பு வர்ணம் பூசிய இரண்டு ராட்சதத் தேக்கு மரத் தூண்கள். இதுதான் 1784-ல் நிறுத்திய பெரிய ஊஞ்சல். ஈசுவரன் பூலோகத்துக்கு எழுந்தருளும் உற்சவத்தில், ஆட்கள் இதில் ஏறி ஆகாயத்துக்கும் பூமிக்குமாக ஆடுவார்கள். ஆபத்தான ஆட்டம் அது. 1935-க்குப் பிறகு ஆடுவதில்லை. தூண்கள் பழுதாகி, பிரே மாகாணத்துத் தேக்கு மரங்களைக் கொண்டு 2007-ல் புதுப்பித்திருக்கிறார்கள்.

அருகிலேயே தேவஸ்தானம் என்ற கோயில். அரண்மனைப் புரோகிதர்களான பிராமணர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. ஊஞ்சல் நின்றாலும் கோயிலுக்குள் உற்சவம் நிற்கவில்லை. அதன் பெயரைக் கேளுங்கள்: 'த்ரியம்பவாய் – த்ரிபவாய்'! திருவெம்பாவை, திருப்பாவை என்பவைதான் இப்படித் திரிந்தன என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அம்மா என்னைத் தட்டி எழுப்பிய பாட்டு, கடல் தாண்டி வந்து ஓர் அரசாங்கச் சடங்குக்கே பெயராக நிற்கிறது. வெயிலில் நின்றபடியே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அரண்மனைக் கோயிலான வாட் ப்ரா கேயோவுக்கும் போனேன். மரகத புத்தர் அங்கே கொலுவிருக்கிறார். சுற்றுப் பிராகாரச் சுவரில் 178 சித்திரங்கள், முழு ராமாயணம். அங்கே அதற்கு 'ராமகியன்' என்று பெயர். ஒரு விஷயம் மட்டும் நம்மவர்களைத் தூக்கிவாரிப் போடும். அந்த ராமாயணத்தில் அநுமார் பிரம்மசாரி அல்ல! சமுத்திரத்தில் அணை கட்டும்போது, அதைக் கலைக்க வந்த ராவணன் மகளான மச்சகன்னிகையையே மணந்துகொள்கிறார். இதைப் போனில் சொன்னேன். "நீங்கள் கண்ட கண்ட படங்களைப் பார்க்காமல், போன காரியத்தைப் பாருங்கள்" என்றாள் சகதர்மிணி.

ஞாயிற்றுக்கிழமை சீலோம் வீதியில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிழைக்க வந்த தமிழர்கள் கட்டியது. நம் ஊர்க் கோபுரம், நம் ஊர்க் கர்ப்பூர வாசனை; ஆனால் செவ்வந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்கிறவர்களில் மிகப் பலர் தாய் மக்கள். முழங்காலிட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறார்கள். நான் திங்கட்கிழமையைப் பற்றி வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்து லும்பினி பூங்காவுக்கு நடந்தேன். ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்புகள் சாவகாசமாக உலாவுகின்றன. யாரும் அவற்றை ஏனென்று கேட்பதில்லை. மணி ஆறு. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் வாத்திய சங்கீதம். ஓடிக்கொண்டிருந்தவர்கள், குழந்தை வண்டி தள்ளியவர்கள், எல்லோரும் வைத்த அடியை வைத்தபடி நின்றுவிட்டார்கள். நான் மட்டும், 'நல்ல வாத்தியம்' என்று கையை வீசி நடந்துகொண்டிருந்தேன். எதிரே நின்ற ஒரு சின்னப் பையன் கண்ணாலேயே என்னை நிறுத்தினான். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தேசிய கீதம்; கேட்டால் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பிரார்த்தனையில் 'ஆடாமல் நில்!' என்று அதட்டியவனுக்கு அன்று ஒரு பையன் பாடம் சொல்லிக் கொடுத்தான்.

மூன்று பேர் சொன்ன தீர்ப்பு

திங்கட்கிழமை வந்தது. ஓர் அறை. இரண்டு அம்மாள்கள், ஒரு கனவான், பன்னிரண்டு வயதில் நாலு பிள்ளைகள். பாடம்: பின்னங்களைக் கூட்டுதல். எனக்குத் தலைகீழ்ப் பாடம். பலகை நிறைய எழுதினேன். மடமடவென்று விளக்கினேன். "புரிந்ததா?" என்றேன். நாலு பேரும் புன்னகையோடு தலையசைத்தார்கள். 'ஜெயம்!' என்று கையைத் தட்டி சாக்பீஸ் தூளை உதறினேன்.

மூத்த அம்மாள் பிள்ளைகளிடம் தாய் பாஷையில் ஏதோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆசிரியரே, உங்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை" என்றாள்.

"தலையசைத்தார்களே!"

"குரு கேட்டால், மரியாதைக்குத் தலையசைப்பார்கள். நீங்கள் ரயில் மாதிரி போகிறீர்கள். புதன்கிழமை இன்னொரு தடவை வாருங்கள். அதோடு முடிவு சொல்லிவிடுகிறோம்."

அன்றிரவு வீட்டுக்குப் போன் செய்தேன். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். "குரல் சரியாக இல்லையே" என்றாள். உண்மையைக் கொட்டிவிட்டேன். 'நான் அப்போதே சொன்னேனே' என்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"மாசக் கடைசியில் எனக்கு மளிகைக் கணக்குச் சொல்வீர்களே, அப்போது மட்டும் நிதானமாகத்தானே சொல்வீர்கள்? ஏன் தெரியுமா? எனக்குப் புரியவில்லை என்றால் நான் உடனே சொல்லிவிடுவேன். எனக்கு உங்களிடம் பயம் கிடையாது. பயமில்லாத ஒருத்திக்குச் சொல்கிற மாதிரி சொல்லிப் பாருங்கள்."

பயமில்லாத ஒருத்திக்கு நான் எங்கே போவேன்? அவள் கீழேயே இருந்தாள்.

மனசுக்குள் நுழைவது

செவ்வாய்க்கிழமை மாலை பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பின்னக் கணக்குத்தான். நான் சொன்னேன். "மை காவ் ஜாய்" என்றாள். மறுபடி சொன்னேன். "மை காவ் ஜாய்." விரல் விட்டு எண்ணினேன்: பதினொரு தடவை! புரியவில்லை என்பதற்கு அங்கே அப்படிச் சொல்கிறார்கள். 'காவ்' என்றால் நுழைவது. 'ஜாய்' என்றால் மனசு. மனசுக்குள் நுழையவில்லை என்று அர்த்தம்.

பன்னிரண்டாவது தடவை புத்தகத்தை மூடினேன். யாயின் இரும்புச் சட்டியைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். இருபத்துநாலு குழி. மூன்றில் ஒரு பங்கு எத்தனை? எட்டு. நாலில் ஒரு பங்கு? ஆறு. கூட்டினால் பதினாலு குழி. இருபத்துநாலில் பதினாலு. இரண்டு அரைப் பணியாரத்தைக் கவிழ்த்து முழுசாக்குகிற மாதிரி மேலும் கீழும் பாதியாக்கு. பன்னிரண்டில் ஏழு! நான் பேசியது மிகக் கொஞ்சம். குழிகளில் புளியங்கொட்டையை வைத்து எண்ணியதெல்லாம் அவள்தான்.

"காவ் ஜாய்!" என்று அவள் துள்ளினாள். நான் சந்தோஷத்தில் தலையைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினேன். "ஊய்!" என்று யாய் பதறினாள். என் கை அந்தரத்தில் நின்றது. தாய் மக்களுக்குத் தலை பவித்திரமானது. 'க்வன்' என்ற உயிர்க்காவல் அங்கே குடியிருக்கிறது. பிறத்தியார் தொடலாகாது என்று பேத்தி மெதுவாக விளக்கினாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மைப்பென்ராய்.

ஆனால் மாடிக்குப் போனபிறகு நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டிக்கொடுத்த கை மட்டுமா அது? குட்டிய கையும் அதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான். பின்னக் கணக்கு அவனுக்கு ஏறவே இல்லை. "புரிந்ததா?" என்றால் தலையசைப்பான், தப்பாகப் போடுவான், நான் நறுக்கென்று குட்டுவேன். ஒரு நாள் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. சில வருஷம் கழித்து அவனை லாரி ஷெட்டில் பார்த்தேன். கரிக் கையைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான். வீட்டுக் கஷ்டத்தால் நின்றானா, என் குட்டினால் நின்றானா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் ஒரு தடவையாவது "மை காவ் ஜாய்" என்று சொல்லும்படி நான் வைத்துக்கொண்டேனா?

புதன்கிழமை அந்த அறைக்கு நான் இரும்புச் சட்டியோடு போனேன். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். புதிய பிள்ளைகள் நாலு பேர். முதலில் அவர்களுக்கு ஒன்று சொன்னேன்: "புரியவில்லை என்று யார் அதிகத் தடவை சொல்கிறீர்களோ அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்." அதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டே முதல் "மை காவ் ஜாய்" சொன்னாள். அப்புறம் அறையில் ஒரே கலகலப்பு. கடைசியில் மூத்த அம்மாள் பிள்ளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். "நாளைக்கே நகோன் ராச்சசீமாவுக்குப் புறப்படலாம். மற்றக் காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றாள்.

நகர ராஜசீமை! வடகிழக்கே ரயிலில் போக வேண்டிய ஊர். என் பள்ளிக்கூடம் அங்கேதான்.

வியாழக்கிழமை

புதன் இரவு யாயும் பேத்தியும் 'பாக் க்ளோங் தலாத்' பூச்சந்தைக்குப் போனார்கள். நானும் கூடை தூக்கிப் போனேன். இரவு பகல் அடைக்காத சந்தை. மல்லிகை, தாமரை, செவ்வந்தி எல்லாம் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பேத்தி வாங்கியது வேறு: இட்லிப்பூ, கத்தரிப்பூ, ஒரு கட்டு அருகம்புல், கொஞ்சம் நெல்பொரி.

"பிள்ளையார் பூஜையா?" என்றேன்.

இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் 'வாய் க்ரூ' — குரு வணக்கம். ஜூன் மாதத்தில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். வியாழன் ஏன் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழமைக்கே அங்கே 'ப்ரஹஸ்பதி' என்றுதான் பெயர். இட்லிப்பூவை அங்கே ஊசிப்பூ என்கிறார்கள். புத்தி ஊசிபோல் கூர்மையாக வேண்டும் என்று. கத்தரிப்பூ காய்க்கப் போகும்போது தலை குனியும், அது அடக்கம். பொரி ஒழுக்கத்துக்கு அடையாளம். அருகம்புல் மிதித்தாலும் காய்ந்தாலும் மறுபடி துளிர்த்துப் படரும், அது பொறுமை.

மறுநாள் விடியற்காலை பெட்டியோடு கீழே இறங்கினேன். பேத்தி பள்ளிக்கூட உடுப்பில் நின்றாள். யாய் ஒரு பொட்டலம் பணியாரம் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். பேத்தி சட்டென்று முழங்காலிட்டுக் குனிந்தாள். இரண்டு கையிலும் ஒரு கைப்பிடி அருகம்புல், நடுவே ஒரு கத்தரிப்பூ.

"க்ரூ" என்றாள்.

என் கை பழக்கத்தில் அவள் தலைக்கு மேலே எழும்பியது. நல்ல வேளை, பாதியில் ஞாபகம் வந்தது. அந்தக் கையை இன்னொரு கையோடு சேர்த்து, மார்புக்கு நேரே கூப்பினேன். "கோப் குன் க்ரப்" என்றேன். நன்றி என்று அர்த்தம். இந்தத் தடவை 'க்ரப்' சரியாக வந்துவிட்டது. மற்றதற்குத் தொண்டை சரியாக இல்லை.

ரயில் பாங்காக்கின் வீடுகளையும் கால்வாய்களையும் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று, அந்த லாரி ஷெட் விலாசத்துக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய மிகக் கஷ்டமான கடிதம் அதுதான். அதில் இருப்பது எனக்கும் அந்தப் பையனுக்கும் மட்டும் உள்ள விஷயம்.

மற்றொன்று சகதர்மிணிக்கு. வளையல்களை மீட்க இன்னும் நாலைந்து மாசமாவது பொறுக்க வேண்டும் என்று எழுதினேன். காகிதத்துக்குள் அருகம்புல் இரண்டு இதழ் வைத்தேன். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்:

"நான் சொல்வது இங்கே நாலு பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. நீ சொன்னது எனக்குப் புரிந்ததனால்தான்."